கடலோர ஊர்களில் இளைஞர் பணி: குறிப்பேடு, நெறி, கோரிக்கை

வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் பதிவு உண்டு, செவிலியருக்கு கவுன்சில் பதிவு உண்டு. ஊர் இளையோரோடு பழகி, படிப்பு, வேலை, பாதுகாப்பு என்று அவர்களுக்குத் துணை நிற்கும் இளைஞர் பணியாளருக்கு இந்தியாவில் உரிமமும் இல்லை, பதிவும் இல்லை. மால்டா போன்ற சிறு நாடு 2014-இல் இளைஞர் பணியை ஒரு தொழிலாக ஏற்றுத் தனிச் சட்டமே இயற்றியது. இங்கே யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். அதனாலேயே நன்றாக வேலை செய்பவருக்கும் மதிப்பு இல்லாமல் போகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏறத்தாழ 237 கி.மீ. கடற்கரையில் அவரை 'டிரஸ்ட்காரர்' என்பார்கள், 'என்.ஜி.ஓ. சார்' என்பார்கள், 'டியூஷன் அக்கா' என்பார்கள். திட்டம் முடிந்ததும் வேலை போய்விடும். நம்பிப் பழகிய பிள்ளைகள் நடுவில் நிற்பார்கள்.

சட்டம் வரும்வரை இந்த நிலையைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பணியாளர் தன் பணியைத் தொழிலாக நிறுத்திக்காட்ட எது தேவையோ, அதேதான் இளையோரின் கோரிக்கைக்கும் பலம் தருகிறது. அது ஒழுங்காக எழுதிய குறிப்பேடு.

யாரோடு வேலை செய்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2014 தேசிய இளைஞர் கொள்கைப்படி 15 முதல் 29 வயது வரை இளைஞர். சட்டப்படி 18 நிறையாதவர் குழந்தை. ஆகவே 15, 16, 17 வயதுக்காரர்களுக்கு இரண்டும் பொருந்தும். கடலோரத்தில் நம் வேலையில் பெரும்பகுதி இந்த மூன்று வயதுகளைச் சுற்றித்தான் நடக்கிறது. படிப்பு நிற்பதும், படகு ஏறுவதும், கல்யாணப் பேச்சு எடுப்பதும் அப்போதுதான்.

கடலின் நாள்காட்டி

கூட்டம் போட்டோம், ஆள் வரவில்லை என்பது புதுப் பணியாளர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை. பெரும்பாலும் நாளைத் தப்பாகக் குறித்திருப்பார்கள். இராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாளில் கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். வந்த அன்று மீன் பிரித்து, வலை பார்த்து, தூங்கி எழ மதியம் தாண்டிவிடும். அந்தப் படகுகளில் போகும் பையன்களைப் பார்க்க வியாழன் மாலையும் வெள்ளிக்கிழமையும் தோது. ஆனால் வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை, அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பிறகு கூட்டம் வையுங்கள். தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர் பக்கம் ஞாயிறு காலைப் பூசை நேரத்தை விட்டுவிடுங்கள். நாட்டுப்படகுக்காரர்களின் நாள் வேறு. ஒவ்வொரு ஊரிலும் கரையில் கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.

காற்றையும் பார்க்க வேண்டும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும். தேவிபட்டினம், மோர்ப்பண்ணை, தொண்டிப் பக்கம் ஆட்கள் கரையில் இருப்பார்கள். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அதே நிலைமை. பெரிய பயிற்சிகளை இந்த மாதங்களில் வைத்தால் வருகை தானாகக் கூடும்.

பெண்பிள்ளைகளின் நாள் இன்னும் நுணுக்கமானது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில் அம்மாக்கள் கடல்பாசி எடுக்கப் போய்விடுவார்கள். வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்ப்பது மூத்த பெண்பிள்ளைதான். அந்த நாட்களில் அவள் கூட்டத்துக்கும் வரமாட்டாள், பள்ளிக்கும் போகமாட்டாள். அவளுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பிறை நாளைக் குறித்து வையுங்கள், ஆறு மாதத்தில் ஒழுங்கு தெரிந்துவிடும்.

ஆண்டில் மிக முக்கியமான காலம் மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து விசைப்படகுகள் கிளம்பும்போது ஆள் தேவை திடீரென்று கூடும். பள்ளி திறப்பதும் அதே ஜூனில்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதம் வந்திருக்கும். தவறிய பையன் வீட்டில் சும்மா இருக்கிறான் என்று ஊர் பேசும், சம்பாட்டி (படகுக்காரர்) கூப்பிடுவார், பிடித்த மீனில் முதல் பங்குப் பணம் கைக்கு வரும். அதற்குப் பிறகு அவனைப் பள்ளிக்குத் திருப்புவது மிகக் கடினம். ஆகவே முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் தவறிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்விட வேண்டும். துணைத் தேர்வு பெரும்பாலும் ஜூலைத் தொடக்கத்தில் வரும், விண்ணப்பிக்கத் தரும் அவகாசம் சில நாட்களே. பெற்றோரிடம் 'படிக்க வையுங்கள்' என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. எந்தப் பாடம், எந்தத் தேதி, கட்டணம் எவ்வளவு, யார் சொல்லித்தருவார் என்ற நான்கு விவரத்தோடு போங்கள். அப்பாவும் தடைக்காலத்தில் வீட்டில் இருப்பார். அவர் முன்னால் பேசுவதுதான் நிலைக்கும்.

குறிப்பேடு எழுதும் முறை

இருநூறு பக்கக் கட்டு நோட்டு போதும். கடல் காற்றின் ஈரத்தில் ஜெல் பேனா மை ஊறிவிடும், பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, இடம், வந்தவர் எண்ணிக்கை (ஆண், பெண், 18-க்குக் கீழ், மேல் என்று பிரித்து), பேசிய விஷயம், அவர்கள் சொன்னது, நீங்கள் செய்வதாக ஒப்புக்கொண்டது, அதற்கான கெடு, செய்தீர்களா இல்லையா என்பதை எழுத வேண்டும். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். வாக்குக் கொடுத்ததை மறக்கும் பணியாளரிடம் அந்த வயதுப் பிள்ளை இரண்டாவது முறை மனம் திறக்காது.

கண்டதை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். 'பொறுப்பில்லாதவன்' என்பது தீர்ப்பு. 'மூன்று நாளாக வரவில்லை. அண்ணனோடு வல்லத்தில் போனதாகச் சொன்னான்' என்பது தகவல். பிள்ளைகள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். 'பஸ்ஸு இல்லன்னா எங்கம்மா விடாது' என்ற ஒரு வரி பின்னால் மனு எழுதும்போது உங்கள் ஒரு பக்க விளக்கத்தைவிட நன்றாகப் பேசும்.

அந்த நோட்டில் பெயர் எழுதக்கூடாது. எண் கொடுங்கள். எண்ணுக்கு யார் என்ற பட்டியல் தனித் தாளில், பூட்டிய பெட்டியில், உங்களிடமும் உங்கள் மேற்பார்வையாளரிடமும் மட்டும் இருக்கட்டும். சிறிய ஊரில் நோட்டு டீக்கடையில் மறந்து போனால் ஒரு பெண்பிள்ளையின் கல்யாணப் பேச்சே அதனால் முறியலாம், அல்லது அவசரமாக முடிக்கப்படலாம். அன்றன்றே எழுதுங்கள், மறுநாள் எழுதினால் நினைவு தன் விருப்பப்படி மாற்றிவிடும்.

மாதக் கடைசியில் அரைப் பக்கத்துக்குத் தொகுத்து எழுதுங்கள். எத்தனை பேர், என்ன பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தது, எந்த நாட்களில் வருகை குறைந்தது. நிதி தருபவருக்கும் மாவட்ட அதிகாரிக்கும் காட்ட வேண்டியது இந்த அரைப் பக்கத்தைத்தான். புகைப்படம் அனுப்பும் பழக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நடத்தை நெறி

எழுதி வைத்த நெறி இல்லாத அமைப்பில் பிரச்சினை வந்த பிறகுதான் நெறி பேசுவார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதை ஊர்த்தலைவர், ஜமாஅத், பங்குத்தந்தை, பெற்றோர் எல்லோர் கையிலும் கொடுங்கள். 18-க்குக் கீழ்ப்பட்டவரைத் தனியாக மூடிய அறையில் சந்திப்பதில்லை. பெண்பிள்ளைகள் வரும் கூட்டத்தில் ஒரு பெண் பணியாளர் கட்டாயம். இருபது பேருக்கு மேல் போனால் பெரியவர் இருவர். இரவு எட்டு மணிக்கு மேல் தனிப்பட்ட போன், வாட்ஸ்அப் இல்லை. கடன் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. படகு ஏறுவது, வெளியூர் போவது எதுவானாலும் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். கட்சி, சாதி, மதப் பிரசாரம் இல்லை. இவ்வளவு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

ஊர் வழக்கப்படி பழகுவதை நெறி தடுக்கக்கூடாது. அண்ணன், அக்கா, கீழக்கரைப் பக்கம் காக்கா, ராத்தா என்று பிள்ளைகள் கூப்பிடட்டும். அந்த உறவுப்பெயர் நம்பிக்கையைத் தருகிறது. ஆனால் அண்ணன் என்ற உரிமையில் அடிப்பதும், போனை வாங்கிப் பார்ப்பதும், காதலைப் பெற்றோரிடம் போட்டுக்கொடுப்பதும் பணியாளரின் வேலை இல்லை.

ரகசியம் காப்பதில் ஒரு எல்லை சட்டமே வைத்திருக்கிறது. 18-க்குக் கீழ்ப்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி காவல் நிலையத்திலோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவிலோ சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் வற்புறுத்துவார்கள், அங்கே பணியாளர் வளையக்கூடாது. இந்த எல்லையைப் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நியாயம்: 'நீ சொல்றத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா. ஆனா யாராவது உன்னைத் தொந்தரவு பண்ணியிருந்தாலோ, உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, அதை மட்டும் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.' பேசி முடித்த பிறகு இதைச் சொன்னால் துரோகமாகத்தான் படும்.

சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய எண்கள்: குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு டெலி-மானஸ் 14416, பெண்களுக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100, கடலோரப் பாதுகாப்புக்கு 1093. குழந்தைத் திருமணத்துக்கு மாவட்ட சமூக நல அலுவலரே தடுப்பு அலுவலர்.

பணியாளரையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் மூத்த பணியாளர் ஒருவரோடு குறிப்பேட்டைத் திறந்து வைத்துப் பேசுவதைத்தான் பணி மேற்பார்வை என்கிறோம். இலக்கு முடிந்ததா என்று கேட்கும் கூட்டம் அது அல்ல. எந்தப் பிள்ளையின் விஷயம் தூக்கத்தைக் கெடுக்கிறது, எங்கே எல்லை தாண்டினேன், எங்கே பயந்து ஒதுங்கினேன் என்று பேசும் இடம் அது. அது இல்லாத அமைப்புகளில் நல்ல பணியாளர்கள் வெகு நாள் நிற்பதில்லை. முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 1993-இல் தொடங்கியது, 2012 சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது.

கோரிக்கையை அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோவது

இளையோருக்காகப் பேசுவது என்றால் மேடையில் பேசுவது என்று நினைத்துவிடுகிறோம். பாதி வேலை, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். ஒரு எடுத்துக்காட்டாக, கடலாடி வட்டாரத்துக் கடலோர ஊர் ஒன்றில் பிளஸ் டூ படிக்கும் பெண்பிள்ளைகள் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்ப மாலையில் பேருந்து இல்லாததால் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு வாரம் ஆதாரம் சேர்க்க வேண்டும். பிள்ளைகளே தினமும் பேருந்து வந்த நேரம், வராத நாள், ஏறியவர் எண்ணிக்கை, எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தார்கள் என்று எழுதட்டும். குறிப்பேட்டிலிருந்து அதே காரணத்துக்காகப் படிப்பை நிறுத்தியவர் எண்ணிக்கையை எடுங்கள், பெயர் வேண்டாம். பிறகு கேட்பதைச் சுருக்குங்கள். 'பேருந்து வசதி வேண்டும்' என்று கேட்டால் 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வரும். 'மாலை 5.15-க்குப் புறப்படும் நகரப் பேருந்தை 6.10-க்கு மாற்றி இயக்க வேண்டும்' என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். புது வண்டியைவிட நேர மாற்றம் எளிதில் கிடைக்கும்.

மனு ஒரே பக்கம். என்ன பிரச்சினை, எத்தனை பேருக்கு, எவ்வளவு காலமாக, ஆதாரம் என்ன, யார் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக வரட்டும். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒன்று, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒன்று. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், ஆகவே தீர்மானம் போட வைப்பது கடினமில்லை. மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். எண் இல்லாத மனு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இராமநாதபுரம் 2018 முதல் மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டில் கல்விக்கு மட்டும் 30 சதவீத எடை. இடைநிற்றல் குறைவது மாவட்ட நிர்வாகத்துக்கும் கணக்கில் சேரும் விஷயம் என்று மனுவில் ஒரு வரி எழுதினால், அதிகாரி அதை வேறு கண்ணால் பார்ப்பார்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர்களே உறுப்பினர்கள் என்பதால் 18 நிறையாதவர் கோரிக்கையை ஒரு பெரியவர் முன்மொழிய வேண்டும். ஆனால் பேருந்து வராத கதையை அந்தப் பெண்பிள்ளையே சொல்லட்டும். முதல் நாளே எழுதி, இருமுறை படித்துப் பழகி, இரண்டு நிமிடத்தில் முடிக்கச் செய்யுங்கள். ஒருத்தியாக நிற்க விடாதீர்கள், மூன்று பேர் சேர்ந்து நிற்கட்டும். தனியாகப் பேசிய பிள்ளையை ஊர் பிறகு சுட்டிக்காட்டும். தீர்மானத்தை ஒரு வாரம் முன்பே தலைவரிடமோ தனி அலுவலரிடமோ எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தில் வாசித்ததும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே பாருங்கள். கைதட்டல் வாங்கிய எத்தனையோ தீர்மானங்கள் புத்தகத்தில் ஏறாமலே போயிருக்கின்றன. பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். இராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள், மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள் என்பதால் அங்கே கிராம சபை கிடையாது, வார்டு உறுப்பினரையும் பகுதி சபாவையும் பிடிக்க வேண்டும்.

முப்பது நாளில் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மனு எண்ணைக் குறிப்பிட்டு, 'இதன்மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல்' கேளுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம்தான், விளக்கம் கிடைக்காது. 30 நாளில் தகவல் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பள்ளி வாசலில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து ஊடகத்துக்குக் கொடுப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். வழக்கில் சிக்கிய பிள்ளை என்றால் அதுவும் கூடாது. 18-க்குக் கீழ்ப்பட்டவருக்கான இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் போக்சோவின் 23-ஆவது பிரிவும் அடையாளம் வெளியிடுவதைத் தடுக்கின்றன.

பையன் பிடிபட்டால்

கடல் அட்டை என்ற கடல் உயிரினம் 2001-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது, அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கடத்தல் மூட்டை தூக்கிக் கொடுத்தால் ஒரு இரவுக்குக் கூலி என்று பையன்களை இழுப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள், நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 18-க்குக் கீழ்ப்பட்டவர் எந்த வழக்கில் பிடிபட்டாலும் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நிலையத்தில் குழந்தை நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். வயதை நிறுவும் பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகலோடு போங்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உடனே சொல்லுங்கள். குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நிலையத்தில் கத்திப் பேசுவது பையனுக்குத்தான் கெடுதல்.

இலங்கைக் கடற்படை பிடித்த படகில் சிறுவன் இருந்தால் நேரம் இன்னும் முக்கியம். வயதுச் சான்று, பெற்றோர் அடையாள அட்டை, படகுப் பதிவு எண் மூன்றையும் அன்றே மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, 18 நிறையாதவர் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அங்கிருந்து மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகம் என்று செய்தி போகும். இந்தக் காகிதங்களின் நகல்களை ஒவ்வொரு கடல்போகும் வீட்டிலும் முன்பே ஒரு உறையில் போட்டு வைக்கச் சொல்வது நம் வேலைகளில் ஒன்று.

மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வேலை செய்பவர்கள் தனித் துணை ஆட்சியரின் அனுமதியோடு போக வேண்டும். எந்தத் திட்டப் படிவத்தையும் கொடுக்கும் முன் முகாம் இளையோருக்குத் தகுதி உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லை என்ற காரணத்தால் கடைசிக் கட்டத்தில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைக்கு அந்த ஏமாற்றம் ஆழமாக இறங்கும்.

சங்கம்

தனித்தனியாக நிற்கும் பணியாளருக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. திருவாடானையிலிருந்து கடலாடி வரை வேலை செய்பவர்கள் ஏழு பேர் சேர்ந்தால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவுக்கு முன்னால் ஆறு மாதம் மாதம் ஒருமுறை கூடிப் பாருங்கள். கூடுவதே நிலைக்கவில்லை என்றால் பதிவு வெறும் காகிதம். அமைப்பின் முதலாளியும் பணியாளரும் ஒரே சங்கத்தில் பொறுப்பு வகித்தால் சம்பளப் பேச்சு எழாது, நிர்வாகக் குழுவில் களப்பணியாளர்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும்.

சங்கம் முதலில் எடுக்க வேண்டியது பொது நடத்தை நெறி, ஒருவரையொருவர் மேற்பார்வை செய்யும் ஏற்பாடு, திட்ட முன்மொழிவுகளில் கேட்க வேண்டிய குறைந்தபட்ச வரிகள். பணி நியமனக் கடிதம், குறைந்தபட்சச் சம்பளம், பயணப்படி, பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் தனி ஒதுக்கீடு, திட்டம் முடிவதற்கு மூன்று மாதம் முன் அறிவிப்பு ஆகியவை நிதி தருபவரிடம் போகும் ஒவ்வொரு வரைவிலும் இருக்க வேண்டும். கடைசி வரி பணியாளருக்காக மட்டும் கேட்பதல்ல. அந்த மூன்று மாதத்தில்தான் ஒவ்வொரு பிள்ளையையும் பள்ளி ஆசிரியரிடமோ, குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமோ, இன்னொரு பணியாளரிடமோ பெயர் சொல்லி ஒப்படைக்க முடியும்.

காமன்வெல்த் நாடுகளில் நவம்பர் முதல் வாரம் இளைஞர் பணி வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் கிராம சபை நவம்பர் 1. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத் தொகுப்புகளையும் இரண்டு பக்கமாகச் சுருக்கி, அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் இளையோரையே வாசிக்க வைத்து, மறுவாரம் அதே இரண்டு பக்கத்தை ஆட்சியரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடமும் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். அக்டோபர் முதல் வாரத்திலேயே தொகுப்பைத் தொடங்கிவிட வேண்டும். வாடை தொடங்கி மழை பிடித்துவிட்டால் ஊர்களுக்குப் போய்ச் சரிபார்க்க நேரம் கிடைக்காது.